உப்பளத்துச் சல்லடைச் சுவர்

பிப்ரவரி 9, ஞாயிறு

மாடியில் ஒற்றை அறை. வெளியே தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போட இரண்டு கொடி. கீழே வீட்டுக்காரர்கள், கணவன் மனைவி இருவருமே பள்ளி ஆசிரியர்கள். சாவியைக் கொடுத்தபோது அந்த அம்மா, "தனியாவா இருக்கப் போறீய?" என்று கேட்டார்.

"ஆமா. ஜூலை வரைக்கும்."

"பயமா இருந்தா ஒரு சத்தம் குடுங்க."

பயமெல்லாம் இல்லை. இந்த நாளுக்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன். பத்ரிநாத் சாரின் சென்னை அலுவலகத்தில், மற்றவர்கள் வடிவமைத்த வீடுகளுக்குக் கதவு ஜன்னல் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆலந்தரவை உப்பளத்தில் கட்டப்போகும் பெண் தொழிலாளர் ஓய்வுக்கூடம் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை என் வரைபடம். ஓர் அறக்கட்டளை கட்டித் தருகிறது. நாற்பது பேர் உட்கார ஒரு கூடம், நான்கு கழிப்பறை, உடம்பில் படிந்த உப்பைக் கழுவிக்கொள்ள ஒரு குளியல் இடம். இப்போது அவர்களுக்கு அங்கே எதுவுமே இல்லை. ஒரு மரம்கூட இல்லை.

கான்கிரீட் கிடையாது, இரும்புக் கம்பி கிடையாது. இந்தக் காற்றில் கம்பி சில வருடத்தில் துருவாகிவிடும். பக்கத்து மண்ணை அழுத்திச் செய்த கல், கிளிஞ்சல் சுண்ணாம்பு, வளைவுக் கூரை. தென்கிழக்கில் கடற்காற்றைப் பார்த்து, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அடுக்கிய துளைச்சுவர் ஒன்று, முப்பது அடி நீளம். மின்விசிறியே தேவைப்படாது.

கிளம்பும்போது சார் சொன்னார்: "டெய்லி எழுது சுடர். அங்க பேச ஆள் இருக்காது." சிரித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. கொத்தனார் பெயர் ஏசுவடியான். ஐம்பது வயதிருக்கும். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நேரா வச்சாலும் இப்படித்தான் இருக்கும் போலுக்கே" என்றார். துளைச்சுவரை அவர் சல்லடைச் சுவர் என்கிறார். நானும் அப்படியே சொல்லிப் பழகிக்கொள்ளலாம்.

இரண்டடி தோண்டினாலே உப்புத்தண்ணீர் ஊறுகிறது. அதனால்தான் கட்டடத்தையே நாலடி மேடையில் ஏற்றியிருக்கிறேன். ஆறு படி. அதன் கீழே மலக்குழி, நிலத்தடி நீரைத் தொடாமல். இதை வரைய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

உப்பளம் கண்ணைக் கூச வைக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைப் பாத்திகள். ஆண்கள் உப்பை வாருகிறார்கள், பெண்கள் கூடையில் சுமந்துபோய்த் தட்டுமேட்டில் கொட்டுகிறார்கள். தட்டுமேடு என்பது உப்பைக் குவிக்கிற உயரமான இடம். நம் கட்டடத்துக்கு நேர் எதிரே, கடல் பக்கம். கங்காணி, லாரிக்காரர்கள் எல்லோரும் நிற்பது அங்கேதான். விடியுமுன் வந்து மதியத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். நான் அருகில் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் அறைக்குப் போய்த் திரும்பினேன். அளவு நாடாவை மறந்துவிட்டிருந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மேடைக்கு அடித்தளம் முடிந்தது. பதினொரு மணிக்கு அறைக்கு ஒரு நடை. தொப்பியை விட்டுவிட்டேன்.

அம்மா போனில், "சாப்பிட்டியா கண்ணு?" "சாப்பிட்டேன்." "யாராச்சும் கூட இருக்காங்களா?" "நிறையப் பேர் இருக்காங்கம்மா."

மார்ச் 3, திங்கள்

கல் அழுத்தும் இயந்திரம் பழுது. நாள் முழுக்க வேலையில்லை. அறையில் உட்கார்ந்து, போன அக்டோபரில் நடந்த கலந்துரையாடலின் குறிப்புகளை அறக்கட்டளைக்காகச் சுத்தமாக எழுதினேன். தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு மதியம். பதினாலு பேர், அவர்களில் பெண்கள் ஒன்பது, பின்வரிசையில். நிழல் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டும் என்றார்கள். காற்று? வேண்டும். கழிப்பறை? தலையைக் குனிந்துகொண்டார்கள். "முழு ஒப்புதல்" என்று எழுதியிருக்கிறேன். அப்படியே தட்டச்சு செய்தேன்.

மார்ச் 22, சனி

கௌதம் நிச்சயதார்த்தப் படங்கள் போட்டிருக்கிறான். பெண் அழகாக இருக்கிறாள். படித்து முடித்ததும் நாங்கள் இரண்டு பேருமாக ஓர் அலுவலகம் தொடங்குவதாக இருந்தோம். பெயர்கூட வைத்திருந்தோம். அவன் பெங்களூரில் ஐடி பூங்காக்கள் கட்டுகிறான். வாழ்த்து அனுப்பினேன், ஒரு வரி.

இன்று சுண்ணாம்புக் கலவை மிகச் சரியாக வந்தது.

மார்ச் 29, சனி

சல்லடைச் சுவர் முழங்கால் உயரம். ஒவ்வொரு வரிசையையும் நானே குனிந்து பார்க்கிறேன். மாலை வெயில் துளைகள் வழியாக விழுந்து, தரையில் கோலம் மாதிரி கிடக்கிறது. காட்ட யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம். ஏசுவடியான் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெயிலு உள்ள வருதேம்மா" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. வேலை இல்லை. கீழ்வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து தந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றுவதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 26, சனி

கூரை மூடியாயிற்று. முட்டுக்கட்டைகளை எடுத்தபோது எல்லோரும் வெளியே நின்றோம். நான் மட்டும் உள்ளே போய் வளைவின் நட்டநடுவில் நின்றேன். ஏசுவடியான் அண்ணன் வெளியிலிருந்து கத்தினார்: "ஏம்மா, வெளிய வாங்க! விழுந்தா யாரு பதில் சொல்ல?" விழாது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இருபத்தேழு வயது. இன்றோடு.

மே 2, வெள்ளி

திறப்பு விழா. அறக்கட்டளைச் செயலாளர் ரிப்பன் வெட்டினார். பத்ரிநாத் சார் வந்திருந்தார். சல்லடைச் சுவர் மேல் உள்ளங்கையை வைத்து, அதன் முழு நீளமும் நடந்தார். பிறகு, "நான் உன் வயசுல இப்படி ஒண்ணு கட்டல" என்றார்.

வெளியே 38 டிகிரி, உள்ளே 32.

பெண்கள் சேலை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் நின்றிருந்தார்கள். இனிப்பு கொடுத்தோம். நெற்றியில் சாந்துப்பொட்டு வைத்த ஒரு அக்கா, முத்துக்கனி என்று பெயர், என்னைப் பார்த்து, "நல்லா குளுகுளுன்னு இருக்கு இன்ஜினியரம்மா" என்றார். நான் இன்ஜினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் என்றேன். "சரி இன்ஜினியரம்மா" என்றார்.

மே 6, செவ்வாய்

ஜூலை வரை இங்கேயே இருந்து வெப்பநிலை, காற்று, தண்ணீர்ச் செலவு எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். பெண்கள் ஒன்பதரை மணித் தேநீருக்குக் கூடத்தில் வந்து உட்காருகிறார்கள். சிலர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். வேறெதுவும் எனக்கு வேண்டியதில்லை.

கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் குறையவே இல்லை. தொட்டியின் அளவுகோல் சரியில்லை போல. நாளை மாற்றுகிறேன்.

பதினொரு மணிக்கு அறைக்கு ஒரு நடை, சார்ஜர் எடுக்க.

மே 11, ஞாயிறு

சென்னையிலிருந்து புகைப்படக்காரர் வந்தார். உப்பளத்துக்கு விடுமுறை, ஆளில்லை. சூரியன் இறங்கியதும் உள்ளே எல்லா விளக்கையும் போடச் சொன்னார். வெளியே நீலம். உள்ளே மஞ்சள் வெளிச்சம் எல்லாத் துளைகளிலும் கசிய, முப்பதடிச் சுவரும் ஒரு பெரிய விளக்காக நின்றது. "அளவு தெரிய ஒரு ஆள் வேணும்" என்றார். நானே சுவருக்குப் பின்னால், கழிப்பறைகளுக்குப் போகும் நடையில் போய் நின்றேன். "அப்படியே ஏதாவது பண்ணிட்டு இருங்க" என்றார். தலைமுடியை அவிழ்த்துக் கட்டினேன்.

படத்தைப் பார்த்துவிட்டு சார் எழுதியது: "இதுதான் படம்." தேசிய அளவில் ஒரு விருதுக்கு அனுப்புகிறார்.

மே 16, வெள்ளி

அளவுகோல் சரியாகத்தான் இருக்கிறது. புதியதும் அதே அளவைக் காட்டுகிறது.

பழக்கம் வர நாளாகும் என்று எல்லா ஆய்வுகளும் சொல்கின்றன.

மே 20, செவ்வாய்

இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறோம்! நடுவர்கள் ஜூன் 21 அன்று நேரில் பார்க்க வருகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். சென்னையில் என் அறைத்தோழியாக இருந்த ஹரிதாவுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். அவள் இருக்கும் ஊரில் அப்போது விடியற்காலை. கௌதமுக்கும் எழுதினேன், அனுப்பவில்லை. கீழ்வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். படியில் பாதி இறங்கி, திரும்பிவிட்டேன்.

மே 27, செவ்வாய்

இன்று தேநீர் நேரத்தில் மாரிச்செல்வி என்ற பெண் கூடத்தில் மயங்கி விழுந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். உடம்பு கொதித்தது. லாரியில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். சிறுநீர்த் தொற்று, முற்றிப்போய் சிறுநீரகம் வரை பரவியிருக்கிறது என்றார் டாக்டர். "தண்ணியே குடிக்கறதில்ல இவங்க. எத்தனை தடவை சொல்றது?" என்று என்னிடம் கோபப்பட்டார், நான் ஏதோ பொறுப்பானவள் போல.

விழுந்த இடத்திலிருந்து கழிப்பறை இருபது அடி.

மே 29, வியாழன்

மாரிச்செல்விக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வராண்டாவில் முத்துக்கனி அக்கா மட்டும் இருந்தார். மாரி அவருடைய தங்கை என்பது இன்றுதான் தெரியும். ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் போனிலிருந்த படத்தைக் காட்டினேன். நம் கட்டடம் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்று. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "உள்ள நிக்கது நீங்கதானா?"

"ஆமா."

"முடிய அவுத்துக் கட்டுதது வரைக்கும் தெரியுதே."

போனை வாங்கி நானும் பார்த்தேன்.

"நாங்க வேலைக்கு வாரது இருட்டோட. உள்ள லைட்டு எரியும். தட்டுமேட்டுல லாரிக்காரனுவ நிப்பானுவ, கங்காணி நிப்பாரு. டீ நேரம் இல்லாம அந்த ஆறு படியில ஏறுனா, சுத்துப்பட்டு அம்புட்டுப் பேருக்கும் தெரியும், இன்னா இவ ஒண்ணுக்குப் போறான்னு. மேல ஏறிப் போனா இந்தச் சல்லடையில நிழலு. மொத நாளு மாரிதான் போனா. எறங்கி வரயில ஒருத்தன் விசிலடிச்சான். பொறவு யாரு போவா?"

"அப்ப வேலை நேரத்துல எங்க போறீங்க?"

"எங்க போவ? வீட்டுக்குப் போய்த்தான். அதுக்குத்தான தண்ணி குடிக்கது இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. அக்டோபர்ல கேட்டேனே."

"நீங்க கேட்டது நெழலு வேணுமா, காத்து வேணுமான்னு. வேணும்னு சொன்னோம். நெழலும் இருக்கு, காத்தும் இருக்கு. ஆம்பளைய மத்தியில உக்கார வச்சுக்கிட்டு மத்தத என்னத்தச் சொல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆரஞ்சை உரித்து எனக்கும் ஒரு சுளை தந்தார். பிறகு, எதையோ சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்: "நீங்க போயிருக்கீயளா, அதுக்குள்ள?"

மே 30, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். அளவு நாடா. தொப்பி. சார்ஜர். கட்டும்போது போக இடம் இல்லை, சரி. திறந்து நாலு வாரம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் அறைக்கு வந்து திரும்பியிருக்கிறேன். எதையாவது எடுக்க. மறந்தது எதுவும் இல்லாத நாளிலும்.

நான் கட்டிய கழிப்பறைக்குள் நான் ஒருமுறைகூடப் போகவில்லை. போகத் தோன்றவில்லை என்று எழுத நினைத்தேன். தோன்றியது. ஒருநாள் மூன்று படி ஏறியிருக்கிறேன். தட்டுமேட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்லைத் தட்டிப் பார்ப்பது போல ஏதோ செய்துவிட்டு இறங்கினேன். அதை எழுதவில்லை.

எனக்கு ஸ்கூட்டர் இருந்தது. அறை இருந்தது. அவர்களுக்கு எதுவும் இல்லை.

கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைவலி என்றேன்.

மே 31, சனி

சாரிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். படியைப் பின்பக்கம் திருப்ப வேண்டும், முன்னால் ஒரு மறைப்புச் சுவர் வேண்டும், சல்லடையை ஆள் உயரத்துக்கு மேல் வரை அடைக்க வேண்டும்.

கேட்டுவிட்டுச் சொன்னார்: "செய்வோம். ஜூரி வந்துட்டுப் போகட்டும். மூணு வாரம்தானே."

"அதுவரைக்கும் அவங்க எங்க சார் போவாங்க?"

"இத்தனை வருஷம் எங்க போனாங்களோ அங்க. சுடர், தப்பா எடுத்துக்காத. இந்த விருது வந்தா இன்னும் பத்து உப்பளத்துல கட்டலாம். நான் உன்னைவிட அதிகமாவே இதை நம்புறேன். முதல்ல ஒரு துணித் திரை கட்டு."

அவர் பொய் சொல்லவில்லை. பத்துக் கட்டடம் உண்மையாகவே வரலாம். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

துணித் திரை கட்டினோம். கடற்காற்று ஒரு மணி நேரத்தில் கிழித்துவிட்டது. தார்ப்பாய் கட்டினோம். பாய்மரம் மாதிரி படபடவென்று அடித்து, தட்டுமேட்டிலிருந்தவர்களையெல்லாம் திரும்பிப் பார்க்க வைத்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த ஊருக்கு வந்து சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

இரண்டு நாளாக வரைந்தேன். கல்லைச் சாய்த்து வைத்தால் காற்று வரும், பார்வை வராது. காகிதத்தில் அருமையாக இருந்தது. ஏசுவடியான் அண்ணன் நாலு வரிசை அடுக்கிக் காட்டினார். வேலை முடிந்தும் முத்துக்கனி அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஆண்கள் யாரையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கொத்தனாரையும் தள்ளிப் போய் நிற்கச் சொன்னேன். ஒரு கோணியால் வெயிலை மறைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். நிழல் தெரிந்தது. மங்கலாக, ஆனால் தெரிந்தது.

"முழுசா அடச்சிருங்கம்மா" என்றார் ஒருவர்.

"காத்து குறையும்க்கா. உள்ள ரெண்டு மூணு டிகிரி சூடு ஏறும்."

"வெயில்ல நிக்கவளுக்கு ரெண்டு டிகிரி என்ன பெரிய இதா?"

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. உள்தாழ்ப்பாள் கைக்கு எட்டும்படி கீழே இருக்க வேண்டும். சேலையைப் போட ஓர் ஆணிகூட இல்லையே, ஈரத் தரையில் எங்கே போடுவது? மாதவிலக்கு நாளில் துணியைப் போட மூடி வைத்த டப்பா ஒன்று. குளியலிடத்தில் உட்கார்ந்து கால் கழுவ ஒரு கல். உப்புநீரில் வெடித்த பாதத்தை நின்றுகொண்டு கழுவ முடியாது. நாற்பது நிமிடத்தில் மூன்று பக்கம் எழுதினேன். இதில் ஒன்றுகூட என் வரைபடத்தில் இல்லை. அவற்றில் எதற்கும் பெரிய படிப்பு தேவையில்லை.

ஜூன் 5, வியாழன்

அறக்கட்டளைச் செயலாளருக்கு எழுதினேன், சாருக்கும் பிரதி. செயலாளர் நேராக முத்துக்கனி அக்காவுக்கே போன் செய்து கேட்டிருக்கிறார். மாலை பதில் வந்தது: "கட்டடம் அவர்களுடையது. அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்."

சாரிடமிருந்து பதில் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

சார் போன் செய்தார். "இருபத்தொண்ணாம் தேதி வரைக்கும் கை வைக்காதேன்னு சொன்னேன்."

"ஆமா சார்."

"அப்புறமும் எழுதியிருக்க."

"மாரிச்செல்வி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புறா சார். அதுக்குள்ள முடியணும்."

"அந்தச் சுவரை நீ எப்படிக் கட்டினேன்னு எனக்குத் தெரியும். உனக்கு வலிக்கலையா?"

வலிக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் ஒருவருக்குத்தான் அது புரிந்திருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

மிச்சக் கற்கள் அறுநூறு இருந்தன. உப்பளத்துக்கு விடுமுறை, ஆனால் ஆறு மணிக்கு நான் போனபோது பதினேழு பெண்கள் வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. உப்புக் கூடையிலேயே கல்லை ஏற்றிச் சுமந்தார்கள். நேற்றே முன்படியை இடித்தாயிற்று; பின்பக்கம் புதுப்படி வேலை நடந்துகொண்டிருந்தது.

முதல் துளையை அடைக்கக் கரண்டியை நானே வாங்கினேன். ஏசுவடியான் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கலவையைப் பூசி, கல்லைத் தள்ளி, மட்டம் பார்த்தேன். அந்தத் துளை வழியாகத் தெரிந்த கடல் போயிற்று. அடுத்ததற்கு நகர்ந்தேன். பத்தாவது துளைக்கு மேல் எண்ணவில்லை.

முத்துக்கனி அக்கா கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் எப்போதோ, "அழுதா அழுங்க, ஆனா கைய நிறுத்தாதீய" என்றார். என் கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டது என்றேன். "எனக்குந்தான்" என்றார்.

மதியம் எல்லோரும் கட்டுச்சோறு பிரித்தார்கள். எனக்கும் ஒரு இலையில் புளிச்சோறும் கருவாடும் வைத்தார்கள். நான் கொண்டுபோன ரொட்டியை யாரோ வாங்கி நாய்க்குப் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

வேலை முழுதும் முடியவில்லை. ஆனால் மறைப்புச் சுவர் தலைக்கு மேல் எழும்பிவிட்டது. மாரிச்செல்வி வந்தாள், மெலிந்து. யாரோடும் பேசாமல் அக்காவோடு சுவருக்குப் பின்னால் போனாள். முத்துக்கனி அக்கா வெளியே காவல் நின்றார். திரும்பி வந்து சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். நான் பார்க்காதது போல வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

வெளியே 39. உள்ளே 35.

சுவர் இப்போது வெறும் சுவர். ஏழடிக்கு மேல் மட்டும் இரண்டு வரிசைத் துளை. படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன். இரண்டு நீலக்குறி விழுந்தது.

ஜூன் 17, செவ்வாய்

சார் விருதுப் பட்டியலிலிருந்து கட்டடத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார். கடிதத்தில் திட்டவில்லை. "நீ செய்தது சரியாக இருக்கலாம். நாம் காட்டிய படம் இனி உண்மையில்லை, அதனால் விலகுவதுதான் முறை. காத்திருக்கச் சொன்னேன், நீ காத்திருக்கவில்லை; அதை என்னால் உடனே மறக்க முடியாது. அடுத்த பள்ளிக்கூட வேலையை நரேனுக்குக் கொடுத்திருக்கிறேன். ஜூலையில் அலுவலகத்துக்கு வா. வேலை இருக்கும்."

எந்த வேலை என்று தெரியும். கதவு, ஜன்னல்.

இரண்டுமுறை படித்தேன். அவர்மேல் கோபம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. கீழே இறங்கிப் போய், ஏப்ரலிலிருந்து என்னிடம் இருக்கும் பாயசக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வெறும் கிண்ணமாகவே. "இதுக்கா எறங்கி வந்தீய? உள்ள வாங்க" என்றார் அந்த அம்மா. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏதோ தொடர் ஓடியது. கதை புரியவில்லை. எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஜூன் 21, சனி

இன்றுதான் நடுவர்கள் வந்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை. ஏசுவடியான் அண்ணன் புங்கைமரக் கட்டையில் செதுக்கிய முளைகளைக் கதவுக்குப் பின்னால் அடித்தார், சேலை போட. இரும்பாணி துருப்பிடிக்கும் என்று அவரே யோசித்தது.

ஜூன் 26, வியாழன்

கழிப்பறைத் தொட்டி காலியாகிவிட்டதென்று காலை ஒன்பது மணிக்கே கூச்சல். தண்ணீர் லாரி இனி வாரம் இருமுறை வர வேண்டும். இந்தப் புகாரை அறக்கட்டளைக்கு எழுதும்போது "மிகவும் அவசரம்" என்று போட்டேன்.

கௌதமுக்கு அனுப்பாமல் வைத்திருந்ததை அழித்தேன்.

ஜூலை 2, புதன்

நாளை காலை ரயில். பெட்டி கட்டியாயிற்று. கடைசி அளவுகளை எடுக்க உப்பளத்துக்குப் போனேன். அறையிலிருந்து கிளம்பும்போதே ஒரு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தேன், வழியில் இன்னும் பாதி.

முகப்பிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. உப்பு வெளியில் மண்நிறத்தில் ஒரு பெரிய பெட்டி. பள்ளத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். எந்தப் பத்திரிகையும் இதைப் போடாது. ஊர் திரும்பி யாரிடமாவது காட்டினால், இதில் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். நான் செய்த ஒன்றே ஒன்றை இதிலிருந்து எடுத்தாயிற்று. அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இன்னும் வார்த்தை இல்லை. சென்னை அறையில் ஹரிதாவின் பழைய கட்டில் காலியாக இருக்கும். அங்கே போய் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

ஒன்பதரை மணி. கூடத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, ஆட்கள் பாதிப்பேர்தான் இருந்தார்கள். பின்பக்கம் போனேன். மறைப்புச் சுவரைச் சுற்றி ஆறு படி ஏறினேன். நாலு கதவும் மூடியிருந்தன. முதல் கதவைத் தட்டினேன்.

"ஆள் இருக்கு!"

இரண்டாவதைத் தட்டினேன்.

"ஏட்டி, பொறு! இப்பத்தான வந்தேன்!" மாரிச்செல்வியின் குரல்.

யாரோ உள்ளே சிரித்தார்கள். இன்னொரு கதவுக்குப் பின்னாலிருந்து அவளுக்கு ஏதோ கிண்டலாகப் பதில் வந்தது. தண்ணீர் கொட்டும் சத்தம். நடையின் மூலையில் மூன்று பெண்கள் ரப்பர் பூட்ஸோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள். அவர்களில் முத்துக்கனி அக்காவும் ஒருவர்.

"நீங்க அவசரமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்."

"நாங்களும் அவசரந்தான். பின்னால நில்லுங்க."

எனக்கு முன்னால் மூன்று பேர். சுவரில் சாய்ந்து நின்றேன்.